தங்காக் வழியாக ஓர் அமைச்சின் கதை

தங்காக்குக்கு வெளியூர்க்காரர்கள் துணி வாங்கத்தான் வருகிறார்கள். சின்ன ஊர். ஆனால் ஹரி ராயாவும் தீபாவளியும் நெருங்கிவிட்டால் மலாக்காவிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் வரும் கார்களுக்கு நிறுத்த இடம் கிடைக்காது. துணி வேண்டாதவர்கள் மாட்டிறைச்சி மீ சாப்பிட வருகிறார்கள். இரண்டும் வேண்டாதவர்கள் லேடாங் மலை ஏற வருகிறார்கள். 1,276 மீட்டர் உயரம். ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் அந்த நீல முதுகு தெரியும்.

நான் போனது மலேசிய விவசாய அமைச்சின் கதையை எழுத. அதற்குப் புத்ராஜெயாவில் இருக்கும் விஸ்மா தானிக்கல்லவா போக வேண்டும் என்று நண்பர் கேட்டார். அங்கே அலுவலகம் இருக்கிறது, கோப்பு இருக்கிறது, பயிர் இல்லை. தங்காக்கிலிருந்து அரை மணி, முக்கால் மணி காரோட்டத்துக்குள் காம்பிர் விளைந்த குன்று, நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று, கண்ணுக்கு எட்டியவரை செம்பனை, மலாய்க் கம்பங்களின் டுரியான் தோப்பு, மீன் ஆராய்ச்சி நடந்த குளங்கள் எல்லாம் அடங்கிவிடும். பக்கத்துப் பாகோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் முகிதீன் யாசின் 2004 முதல் 2008 வரை இந்த அமைச்சுக்கே அமைச்சராக இருந்தவர். பிறகு பிரதமரும் ஆனார். இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

காலையில் முதலில் புக்கிட் காம்பிர் பக்கம் போனேன். பெயரிலேயே பயிர் இருக்கிறது. ரப்பர் வருவதற்கு முன் ஜோகூரின் செல்வம் காம்பிரும் மிளகும்தான். சீனக் குடியேறிகள் ஆற்றை ஒட்டிக் காட்டை அழித்து, காம்பிர் இலையைப் பெரிய கொப்பரையில் காய்ச்சிக் கட்டியாக்கி, தோல் பதனிடச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். ஆற்றுக்கு ஒரு தலைவர், அவருக்குக் கங்சு என்று பெயர். நிலத்துக்கு அரசரிடம் பத்திரம் வாங்கி, வரி வசூல் முதல் அபின் விற்பனை வரை அவரே பார்த்துக்கொள்வார். இலை காய்ச்சுவதற்கு விறகு வெட்டியே சுற்றுவட்டாரக் காடு தீர்ந்துபோகும். பிறகு மண்ணும் சலித்துப்போகும், ஆட்கள் அடுத்த ஆற்றுக்குப் போய்விடுவார்கள். 1917இல் ஜோகூர் அரசு கங்சு உரிமைகளைச் சட்டம் போட்டு ஒழித்தது. அந்தக் காலத்தில் விவசாயத்துக்கென்று ஓர் இலாகா வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கங்சுவே இலாகா, கங்சுவே போலீஸ்.

அங்கிருந்து திரும்பி, மாநில எல்லை தாண்டி ஆசகான். மலாக்காவைச் சேர்ந்தது என்றாலும் மலையின் அடிவாரம் ஒன்றுதான். 1896இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சொச்சத்தில் ரப்பர் கன்று நட்டார். சிங்கப்பூரில் டான் தொக் செங் மருத்துவமனைக்குப் பெயர் தந்தவரின் பேரன். சிங்கப்பூர்த் தாவரத் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லி பல ஆண்டுகளாக ஒவ்வொரு தோட்டக்காரராகப் பிடித்து ரப்பர் நடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். காப்பி போட்டிருந்த வெள்ளைத் துரைகள் சிரித்தார்கள். முதலில் காதுகொடுத்தவர் இந்தச் சீனர். கன்று தழைத்ததும் அடுத்த சில ஆண்டுகளில் ஆசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் என்று பெரிதாக இறங்கினார். இன்று ஆசகான் சாலையில் பால்மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் செம்பனை. வெட்டிய ஓலைகளை வரிசைக்கு நடுவே அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

காப்பி விலை விழுந்து, மோட்டார் வண்டி பெருகி, துரைகளும் மனம் மாறிய பிறகுதான் அரசு விழித்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் விவசாய இலாகா தொடங்கியது 1905இல். அந்த இலாகாவின் தொடக்ககாலக் கவலை பெரும்பாலும் ரப்பர்: எந்தப் பூஞ்சை வேரைத் தின்கிறது, எந்த வெட்டுக்குப் பால் கூடுகிறது. கன்றைக் காப்பாற்ற ஆராய்ச்சியாளர் வந்தார். அந்தக் கன்றை நட, களை எடுக்க, விடிவதற்குள் தீம்பாருக்குப் போய்ப் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. ஆளைக் கவனிக்க வேறு இலாகா, தொழிலாளர் இலாகா.

இந்தப் பிரிவினைதான் எனக்கு இந்தக் கதையின் முதுகெலும்பாகப் படுகிறது. மலாயாவின் மண்ணில் அதிகமாகக் கைவைத்தவர்களில் தமிழர் ஒரு கூட்டம். ஆனால் அரசு ஏட்டில் தமிழர் விவசாயியாக ஏறவே இல்லை, கூலியாக ஏறினார். மலாய்க்காரர் நெல்லும் மீனும். சீனர் காய்கறியும் பன்றியும். தமிழர் பெரட்டுக் களம். 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது, ஜோகூரில் 1936இல். நிலம் மலாய்க்காரர் கையைவிட்டுப் போகாமல் காக்க வந்த சட்டம், அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வழியில்லாமல் லயத்தில் கிடந்தவனுக்கு அதனால் கதவு இன்னும் கொஞ்சம் இறுகியது என்பதும் உண்மை.

அவனுக்கென்று சட்டம் ஒதுக்கிய நிலமும் உண்டு. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் தர வேண்டும் என்றது. அறுபது அடிக்கு நாற்பத்தைந்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி, முருங்கை, மரவள்ளி, ஓரத்தில் ஒரு தொழுவம். எத்தனை தோட்டங்கள் அதையாவது ஒழுங்காகத் தந்தன என்பது வேறு கதை.

1951இல் பிரிட்டிஷார் உள்நாட்டவருக்கு அமைச்சர் போன்ற பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தபோது விவசாயமும் வனமும் கெடா அரச குடும்பத்துத் துங்கு யாக்கோப்பிடம் வந்தது. 1955 தேர்தலுக்குப் பின் முறையான விவசாய அமைச்சர் அப்துல் அசிஸ் இஸ்ஹாக். சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோப் இஸ்ஹாக்கின் தம்பி, அவரும் பத்திரிகைக்காரர். இந்த அமைச்சில் இருந்தவர்களிலேயே எனக்குச் சுவாரசியமானவர் இவர்தான். விவசாயத்தோடு கூட்டுறவும் அவர் கையில் இருந்தது. நெல் அரைக்கும் ஆலையும் மீன் விற்கும் சந்தையும் இடைத்தரகர் கையில் இருக்கும்வரை விவசாயி தேறமாட்டான் என்று நம்பினார். கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆலை உரிமத்தைத் திருப்பிவிடப் பார்த்தார். பிறகு விவசாயிகளே சொந்தமாக யூரியா உரத் தொழிற்சாலை கட்ட வேண்டும் என்று கிளம்பினார். அதே சமயம் ஒரு பெரிய பிரிட்டிஷ் நிறுவனம் இங்கே உரம் தயாரிக்க வந்துகொண்டிருந்தது. அமைச்சரவை அவர் பக்கம் நிற்கவில்லை. சுகாதார அமைச்சுக்கு மாறச் சொன்னார்கள், மறுத்தார், 1963இல் வெளியே போனார். சொந்தக் கட்சி தொடங்கி, 1965இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறையும் போனார். உர மூட்டைக்காக ஓர் அமைச்சர் பதவியைவிட்டது நம் வட்டாரத்தில் அபூர்வம்தான்.

அவர் காலத்தில்தான் தமிழருக்கும் இந்த அமைச்சுக்கும் ஓர் ஒட்டு உண்டானது, அதுவும் பின்வாசல் வழியாக. மெர்டேக்காவை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. துண்டு வாங்கியவர் ஆளைக் குறைத்தார், லயம் காலியானது. பொருளியலாளர் உங்கு அசிஸ் தலைமையில் இதை ஆராய்ந்து அறிக்கையே வந்தது. ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர் பங்குதாரர் ஆனார்; ஆனால் விவசாய அமைச்சின் கணக்கில் இது கூட்டுறவு. அப்போதும் அவர் விவசாயி ஆகவில்லை.

மதியம் சாகில் சாலை. லேடாங் நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழி. பள்ளி விடும் நேரம்; சாகில் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பக்கம் ஒன்றிரண்டு மோட்டார்சைக்கிள்கள் காத்திருந்தன. சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய மண்பாதையில் செம்பனை நிழலில் மாடுகள். அவற்றை வளர்க்கும் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. பால் வெட்டிக்கொண்டே மாடு வளர்த்தவர்; வேலையிலிருந்து நின்ற பிறகு மாடு மட்டும் மிச்சம்.

"எங்கிருந்து வரீங்க தம்பி? ஆபீஸா?"

பத்திரிகை என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

தொழுவத்தின் தரை சிமெண்ட், நடுவே சாணம் ஓட வாய்க்கால். ஒரு மூலையில் நீல பிளாஸ்டிக் பீப்பாயில் தௌஃபு சக்கை. தங்காக்கில் சோயாக் கட்டி செய்கிற சீனரிடமிருந்து வாரம் சில தடவை லோரியில் வருகிறதாம். புளித்த வாடை மூக்கில் ஏறியது. இன்னொரு சாக்கில் செம்பனைப் புண்ணாக்கு. கையளவு எடுத்துக் காட்டினார்: காப்பித் தூள் மாதிரி, ஆனால் நெடி எண்ணெய்ச் செக்கு. வைக்கோல் இல்லை.

"அப்பல்லாம் எங்கப்பா காலத்து மாடு சின்னது. நாட்டு மாடு. ஊர்லேருந்து கொண்டாந்த வம்சம்னு சொல்வாங்க. வெட்னரி ஆபீஸ்லேருந்து வந்து இந்த மாட்ட கொடுத்தாங்க" என்று ஒரு பழுப்பு நிறப் பசுவின் முதுகில் தட்டினார். முகத்தில் சாஹிவால் சாயல், மடியில் பிரீசியன்.

இந்தப் பசுவின் பாட்டிக்குப் பாட்டி வந்ததற்குப் பின்னால் அமைச்சு இருக்கிறது. 1970களில் கால்நடைச் சேவைத் துறை நாட்டில் பால் உற்பத்தியைக் கூட்ட முனைந்தபோது, மாடு வளர்ப்பவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழரும் ஊர்ப்புறப் பால்காரர்களும். அவர்கள் வளர்த்த நாட்டு மாட்டு வகைக்குத் துறையின் ஏட்டில் உள்நாட்டு இந்தியக் கறவை என்றே பெயர். மனிதரை விவசாயியாக எழுதாத ஏடு, மாட்டை இனம் சொல்லி எழுதிவிட்டது. பால் சேகரிப்பு நிலையங்கள் அமைத்தார்கள். சாஹிவால் பிரீசியன் கலப்பினப் பசுக்களை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து இறக்கினார்கள். சினை ஊசி போட ஆள் அனுப்பினார்கள்.

"பால் சென்டருல ஊசி மாதிரி ஒண்ண விட்டுப் பாப்பாங்க. தண்ணி கலந்தா அமுங்கும், தெரிஞ்சிடும். நம்ம பாலுல பிரச்சினை வந்ததே இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஒரு தடவ வந்திச்சு. அது மழை" என்று சிரித்தார்.

பால் சென்டருக்குப் போய் அரைமணி வரிசையில் நிற்கும்போதுதான் அவருக்கு அரசாங்கம் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் துரையும் கிராணியும். சென்டரில் சீருடை போட்ட மலாய் அதிகாரி, பெயரைச் சொல்லி அழைத்துக் கணக்கு எழுதித் தருவார். ஊசி போட வந்த இளைஞர் ஒருவர் தமிழ் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு, மாட்டுப் பொங்கலுக்குக் கூட வருவாராம். கொம்புக்கு வர்ணம் பூச அவருக்கும் ஒரு தூரிகை கொடுப்பார்களாம். பிற்காலத்தில் சென்டருக்குப் போகிற வழக்கம் நின்றுபோனது. இப்போது மகன் மினரல் தண்ணீர்ப் போத்தலில் நிரப்பி, தங்காக் வீடுகளுக்கு மோட்டார்சைக்கிளில் கொண்டுபோகிறார்.

நிலத்தைக் கேட்டேன். அவருடைய தொழுவம் இருப்பது டி.ஓ.எல். நிலம், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம். மாடு மேய்வது பக்கத்துத் தோட்டத்துச் செம்பனைக்கு அடியில், வாய்மொழி அனுமதி. மரம் மறுநடவு ஆகும்போது கன்று மிதிபடும் என்று மாட்டை விரட்டுவார்கள். நாலைந்து வருஷம் கழித்து மறுபடி விடுவார்கள். சொந்த நிலம் வாங்கவில்லையா என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "பால் வெட்டுன சம்பளத்துலயா?" என்றார்.

1960களும் 70களும் இந்த அமைச்சு பெருத்த காலம். விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா 1965, ஆராய்ச்சிக்கு மார்டி 1969, விவசாய வங்கி 1969, மீன் மேம்பாட்டு வாரியம் 1971, நெல் அரிசி வாரியம் 1971, விவசாயிகள் சங்க ஆணையம் 1973. கெடாவிலும் பெர்லிசிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டரில் மூடா நீர்ப்பாசனம் 1970இல் முழுமையாகி, ஒரு போகம் இரு போகம் ஆனது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு மலாய்க் கிராமத்து வறுமையைத் தீர்ப்பதே அரசின் முதல் வேலை. வறுமை அதிகம் இருந்தது நெல் வயலிலும் கடற்கரையிலும். எனவே அமைச்சு நெல்லும் மீனுமாக நின்றது. 70களின் தொடக்கத்தில் சில காலம் பெயரே விவசாய, மீன்வள அமைச்சு. லயத்திலும் வறுமை இருந்தது. அது எந்த அமைச்சின் வறுமை என்பதில்தான் குழப்பம்.

ஏனென்றால் 1972இல் ரப்பர், செம்பனை, ஈயம், மரம் எல்லாவற்றுக்கும் மூலத் தொழில் அமைச்சு என்று தனியாக ஒன்று வந்தது. ரப்பர்ச் சிறுதோட்டக்காரருக்கு ரிஸ்டா, குடியேற்றத் திட்டத்துக்கு ஃபெல்டா, அவை வேறு கூரைக்குக் கீழ். தமிழர் கைபட்ட பயிர் விவசாய அமைச்சைவிட்டே வெளியேறியது. அந்தப் பயிரின் அமைச்சருக்கு விலையும் ஏற்றுமதியும் கவலை. தொழிலாளியின் சம்பளம் தொழிலாளர் அமைச்சு. வீடு இன்னோர் அமைச்சு. பள்ளிக்கூடம் கல்வி அமைச்சு. மேலே உள்ள கட்டடங்களில் இந்தப் பிரிவினை நேர்த்தியாக இருந்திருக்கும். தோட்டத்தில் வாழ்ந்தவன் ஒரே ஆள்.

சாயங்காலம் தங்காக் சந்தைப் பக்கம் நடந்தேன். மீன் காலையிலேயே தீர்ந்துவிடும். மிஞ்சிய கெம்போங், செஞ்சாரு, ஐஸில் கண் வெளுத்துக் கிடந்தன. கடல் இங்கிருந்து தூரமில்லை, மூவார் அரை மணி. கடைக்காரச் சீனர் கெம்போங் விலையைச் சொல்லிவிட்டு அவரே தலையாட்டி வருத்தப்பட்டார். மலேசியக் கடல் மீனின் கதையில் 1960கள் ஒரு திருப்பம்: இழுவை வலைப் படகுகள் வந்தன, கரையோர மீனவர் வலையைக் கிழித்தன, கடலில் படகு எரிந்தது, ஆள் செத்தது. அரசு கடலைக் கோடு போட்டுப் பிரித்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைல்வரை பாரம்பரிய மீனவருக்கு, அப்பால் பெரிய படகுகளுக்கு. நிலத்தில் வேலி போடுவதைவிடக் கடலில் கோடு காப்பது கடினம்.

நன்னீர் மீன் இன்னும் பக்கத்துக் கதை. கூண்டுத் தொட்டியில் சிவப்புத் திலாப்பியா நீந்திக்கொண்டிருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஜாவாவிலிருந்து வந்த திலாப்பியாவுக்கு மலாயாவில் ஜப்பான் மீன் என்றே பெயர். பஞ்சத்தில் குளத்துக்குக் குளம் விட்டார்கள். அதன் குறை, கட்டுக்கடங்காமல் குஞ்சு பொரித்து, குளம் முழுக்க விரல் நீள மீனாகவே நிற்கும். 1957இல் மலாக்காவின் பத்து பெரண்டாமில் வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பிரிட்டிஷ் மீன்வள ஆலோசகர் ஹிக்லிங் சான்சிபாரிலிருந்து வந்த ஆண் திலாப்பியாவை இங்குள்ள பெண்ணோடு சேர்த்தார். பிறந்தவை அத்தனையும் ஆண். பெருகவில்லை, பெருத்தன. 1960இல் அவர் எழுதிய ஆய்வு மீன் வளர்ப்போர் உலகில் பெயர் பெற்றது. ஆண் மீனாகவே வளர்க்கும் வழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம். தங்காக்கிலிருந்து முக்கால் மணித் தூரத்தில் நடந்த வேலை. கடைக்காரருக்கு இதைச் சொன்னேன். இரண்டு கிலோ வாங்குகிறேனா என்று கேட்டார்.

முகிதீன் பதவியேற்ற 2004இல் அமைச்சின் பெயர் விவசாயம், விவசாயம் சார்ந்த தொழில் என்று நீண்டது. விவசாயம் ஒரு வணிகம் என்பது அப்போதைய முழக்கம். 2018இல் ஜோகூர்க்காரர் சலாஹுடின் அயூப் அமைச்சர். 2020இல் பெயர் விவசாயம், உணவுத் தொழில். 2022 டிசம்பரில் முகமட் சாபு வந்தபோது விவசாயம், உணவு உத்தரவாதம். ஒவ்வொரு பெயரும் அந்தந்தக் காலத்துப் பயத்தைக் காட்டுகிறது. உத்தரவாதம் என்று எழுதி ஓராண்டு ஆகுமுன், 2023இல், உச்சவரம்பு விலையில் பத்துக் கிலோ 26 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டிய உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது. இறக்குமதி அரிசி விலை ஏற, எல்லாரும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். சாக்கை மாற்றி விற்றார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஐம்பது ஆண்டு நெல்லுக்குப் பாடுபட்ட அமைச்சு இன்றும் நாட்டின் அரிசித் தேவையில் ஒரு பெரும் பங்கை வெளியிலிருந்துதான் வாங்கித் தருகிறது.

இந்தச் செய்தியெல்லாம் பெரியவருக்கும் தெரிந்திருந்தது. மதியம் தொழுவத்திலிருந்து நான் கிளம்பும்முன் அவர் மகன் வந்து சேர்ந்தார். பால் போத்தல் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தொலைபேசியில் ஒரு பாரத்தைக் காட்டினார். கறவை மாட்டுக்கு மானியம், பசுவும் கறவை இயந்திரமும் தருகிறார்களாம். பெயர், அடையாள அட்டை எண், மாடுகளின் எண்ணிக்கை எல்லாம் நிரப்பியிருந்தார். நிலத்தின் நிலை என்ற இடத்தில் நின்றுபோயிருந்தார்: சொந்தம், குத்தகை, மற்றவை.

"மற்றவைன்னு போட்டா திருப்பி அனுப்பிடுவாங்களா அண்ணே?"

டி.ஓ.எல். உரிமத்தின் நகலைச் சேர்த்து அனுப்பச் சொன்னேன். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளவும் சொன்னேன். அப்பா குறுக்கிட்டார். உரிமம் இந்த வருஷத்துக்கு இன்னும் புதுப்பித்து வரவில்லை, நில அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போக வேண்டும், முதலில் அது, அப்புறம்தான் பாரம் என்றார். மகன் மற்றவை என்ற கட்டத்தில் விரலை அழுத்தி, அடுத்த பக்கத்துக்குப் போனார்.